குங்குமத்தைத் தொடாத கேமரா

கேமரா வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சல் கேட்பார்கள், ஜூம் கேட்பார்கள், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பார்கள். ‘ரெட்-ஐ கரெக்‌ஷன் இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மெனுவில் ஏதோ ஒரு மூலையில், ஃப்ளாஷ் செட்டிங்ஸுக்கு அடியில், ஆன்–ஆஃப் என்று ஒரே வரியாக அது கிடக்கும். என்னைக் கேட்டால், டிஜிட்டல் கேமராவுக்குள் புகுந்த புத்திசாலித்தனங்களிலேயே அந்த ஒரு வரிக்குத்தான் முதல் மரியாதை. இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ராமகுப்பம் பக்கத்து ராத்திரிக் கல்யாணத்தில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையில் ஆந்திரா மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும் இடம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோலார் பக்கத்து உறவினர் வந்தால் கொஞ்சம் கன்னடம். கல்யாணமும் அப்படித்தான் கலந்து நடக்கும். தெலுங்கு முறைப்படி என்றால் முகூர்த்தம் பல நேரம் நடுநிசிக்கு மேல், விடிவதற்கு முன்னால். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை பிடித்திருப்பார்கள். சீரகமும் வெல்லமும் சேர்த்து இடித்த ஜீலகர்ர-பெல்லத்தை ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். திரை இறங்கும். இருவரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அத்தனை பேரும் தூக்கம் விழித்து உட்கார்ந்திருப்பது.

அந்த நொடியில் ஃப்ளாஷ் அடித்தால் என்ன ஆகும்? பிரிண்ட் போட்டு வந்த படத்தில் மணப்பெண்ணுக்கு இரண்டு கண்ணும் தகதகவென்று சிவந்திருக்கும். எங்கள் பாட்டி அப்படியொரு படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “என்னடா இது, புள்ளைக்குக் கண்ணுல ரெத்தம் கட்டியிருக்கு? இத மாட்டாத, உள்ள வை. மொதல்ல மிளகா சுத்திப் போடு” என்றார். திருஷ்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மெட்ராஸ் ஐ-க்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பாட்டி பாதி சரி. அந்தச் சிவப்பு ரத்தத்தின் சிவப்பேதான்.

கருவிழிக்கு நடுவில் இருக்கும் துளைதான் கண்மணி. நல்ல வெளிச்சத்தில் அது 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருட்டில் இளவயதினருக்கு 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். ஃப்ளாஷ் வெளிச்சம் அந்தத் துளை வழியே உள்ளே போய், விழித்திரையிலும் அதன் பின்னாலுள்ள ரத்தக்குழாய் நிறைந்த படலத்திலும் பட்டு, போன வழியே திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் தண்ணீர் தெரிய வேண்டுமானால் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நேராக உள்ளே அடிக்க வேண்டும், இல்லையா? கையடக்கக் கேமராவில் ஃப்ளாஷும் லென்ஸும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி நாலைந்து சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறவரின் கண்ணிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி ஒரு டிகிரி கோணம்கூட வராது. தள்ளி நின்று ஜூம் போட்டால் கோணம் இன்னும் குறையும், சிவப்பு இன்னும் கூடும். ‘கூட்டத்தில் போய் இடிபடாமல் பின்னால் நின்றே எடுத்துவிடலாம்’ என்று நினைக்கிற கூச்ச சுபாவக்காரர்களுக்கு வரும் தண்டனை இது.

கண்ணின் உட்புறத்தில் கரும்பழுப்பு நிறமி அதிகமிருந்தால் சிவப்பு கொஞ்சம் அடங்கும். நம் ஊர்க் கண்களுக்கு அந்த வசதி உண்டு. வெள்ளைக்காரர்களின் படங்களில் வருகிற அளவுக்கு நமக்கு எரியாது. ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்கு, கண்மணி முழுசாக விரிந்திருக்கையில், நிறமியும் எவ்வளவுதான் தடுக்கும்? குழந்தைகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். வீடியோக்காரர் தன் பெரிய லைட்டைப் போட்டிருக்கும் வரை என் படங்களில் சிவப்பு அவ்வளவாக வராது. அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய கண்மணியும் சுருங்கிப்போகிறது. கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதற்குள் ஒன்றிரண்டு படம் எடுத்தால் தொலைந்தது. மேடையில் இருக்கும் மாமா, அத்தை, புரோகிதர், மடியில் தூங்கி எழுந்த குழந்தை, எல்லோருக்கும் கண் சிவந்துவிடும்.

இதற்கு மனிதர்கள் செய்து பார்த்த வைத்தியங்கள் கொஞ்சமல்ல. கோடக் இன்ஸ்டாமேட்டிக் காலத்தில், கேமரா உச்சியில் செருகும் ஃப்ளாஷ் க்யூபை லென்ஸிலிருந்து தூக்கிப் பிடிப்பதற்கென்றே ஒரு நீட்டிப்புக் கட்டையைத் தனியாக விற்றார்கள். யாஷிகா எம்.எஃப்.-2, கோடக் கே.பி.-10 எல்லாம் நம் வீடுகளுக்கு வந்த பிறகு கட்டையும் கிடையாது, கவலையும் கிடையாது. வந்த சிவப்பை ஸ்டுடியோ அண்ணன் பார்த்துக்கொள்வார். மிக மெல்லிய பிரஷ் நுனியில் கறுப்பு மையைத் தொட்டு, பிரிண்டின் மேலேயே கண்ணில் ஒரு புள்ளி வைப்பார். கை நடுங்காத அண்ணன் என்றால் தப்பித்தோம். இல்லையென்றால் மணப்பெண்ணின் கண் கொலு பொம்மையின் கண்ணாகிவிடும். அகலமாக விழித்திருக்கும், ஆனால் எங்கேயும் பார்க்காது.

அதற்கப்புறம் வந்தது முன்விளக்கு. ஷட்டரை அமுக்கியதும் உடனே படம் விழாது. முதலில் ஒரு சின்ன விளக்கு ஒரு விநாடி போல எரிந்து, அல்லது ஃப்ளாஷே படபடவென்று துடித்து, கண்மணியைச் சுருங்க வைக்கும். பிறகுதான் உண்மையான ஃப்ளாஷ். கணக்குச் சரிதான். ஃப்ளாஷ் மின்னி மறைவது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, கண்மணி அசையத் தொடங்கவே கால் விநாடி போல ஆகும். முன்கூட்டி வெளிச்சம் காட்டாமல் அதைச் சுருக்க வழியில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஒரு விநாடி என்பது என்ன சாதாரணமா? திரை இறங்கி, அவள் நிமிர்ந்து பார்த்து, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தும் விடுவாள். அதன் பிறகு விழும் படத்தில் பூச்சூடிய உச்சந்தலைதான் மிஞ்சும். முதல் விளக்கைப் பார்த்ததுமே ‘எடுத்தாச்சு’ என்று கூட்டமாக நகர்ந்துவிடுகிற சித்தப்பாக்கள் தனிக் கதை.

கம்ப்யூட்டர் வந்தபோது சிவப்பைத் துடைக்கும் வேலை அங்கே போனது. 2005-ல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.2-வில் இதற்கென்றே தனிக் கருவி வைத்தார்கள். கண்ணில் ஒரு க்ளிக், சிவப்பு போய்விடும். பிகாசாவிலும் இருந்தது. நல்ல கருவிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அறுபது எழுபது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் ஒவ்வொரு கண்ணாகத் தேடிப்போய் க்ளிக் செய்துகொண்டு உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

நான் உருகுவதெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்துக்கு. யாரும் எதையும் சுட்டிக்காட்டாமல் கேமராவே முகத்தைக் கண்டு, முகத்தில் கண்ணைக் கண்டு, கண்ணில் சிவப்பைக் கண்டு, அதை மட்டும் துடைத்துவிடுவது! கோடக், ஹெச்.பி. ஆய்வாளர்கள் 2002-ஐ ஒட்டி முழுத் தானியங்கி முறைகளைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 2004, 2005 வாக்கில் நிக்கான் கூல்பிக்ஸ் வரிசையிலும் ஹெச்.பி. போட்டோஸ்மார்ட்டிலும் அது கேமராவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அயர்லாந்தின் கால்வே நகரத்தில் வளர்ந்த ஃபோட்டோநேஷன் என்ற நிறுவனம் இந்த வித்தையைப் பல கேமரா கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தது. பேர் தெரியாத அந்தப் பொறியாளர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது பென்டார்ச் பேட்டரி போடுகிற பழைய கேனான் பவர்ஷாட். எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்து ‘ரெட்-ஐ கரெக்‌ஷன்’ என்ற வரியை அமுக்கினால், ஒரு கணம் யோசிக்கும். பிறகு திருத்திய கண்களைச் சுற்றி மெல்லிய கட்டம் போட்டுக் காட்டும். என் அக்கா மகள் கல்யாணத்துப் படத்தில் முதன்முதலாக அந்தக் கட்டங்கள் வந்து நின்றதைப் பார்த்தபோது வாய்விட்டு ‘அடேயப்பா!’ என்றேன். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்மணி கறுப்பு. கறுப்புக்கு நடுவே, கொஞ்சம் மேலே தள்ளி, ஃப்ளாஷ் விழுந்த வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கிறது! ஸ்டுடியோ அண்ணனின் பிரஷ் முதலில் விழுங்குவது அந்தப் பொட்டைத்தான். அது போனால் கண்ணில் உயிர் போய்விடும்.

அதை எப்படி விட்டுவைக்கிறது என்று தெரிந்துகொண்டபோது மயக்கம் இன்னும் கூடியது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சிவந்துபோன கண்மணியில் ஒரு புள்ளி 190, 45, 55 என்று இருப்பதாக வையுங்கள். திருத்தும் முறைகளில் மிக எளியது இதுதான்: சிவப்பு எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கே மற்ற இரண்டின் சராசரியை வை. அதாவது 50, 45, 55. கிட்டத்தட்டக் கறுப்பு. முடிந்தது வேலை! அந்த வெள்ளைப் பொட்டுக்கு வாருங்கள். அது 250, 245, 248 என்று இருக்கும். அதே கணக்கைப் போட்டால் சிவப்பு 246 ஆகும், அவ்வளவுதான். வெள்ளை வெள்ளையாகவே நிற்கிறது. அந்தப் பொட்டைக் காப்பாற்றத் தனிக் காவல் போட வேண்டியதில்லை. ஒரே கணக்கு ஒன்றைக் கறுப்பாக்குகிறது, மற்றொன்றைத் தொடாமல் போகிறது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மழுப்பிவிட்டால், திருத்திய தடயம் தெரியாது.

ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. குங்குமம். எங்கள் பக்கத்து மணப்பெண்ணின் நெற்றியில் வட்டமாக, கெட்டியாக இருக்கும் குங்குமத்தின் எண்கள் ஏறத்தாழ 175, 30, 40. சிவந்த கண்மணியின் எண்களிலிருந்து எவ்வளவு தூரம்? வட்டமும் அதே வட்டம். நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்து வேலை செய்கிற ஒரு புரோகிராம், இதையும் ஒரு கண் என்று எடுத்துக்கொண்டு 35, 30, 40 ஆக்கிவிட்டால்? கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் குங்குமம் கறுத்துப்போய் நிற்கும்! கண் சிவந்ததற்கே மிளகாய் சுற்றச் சொன்ன பாட்டி இதற்கு என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதோடு போகுமா? வெற்றிலை போட்ட வாய், சிவப்புக் கல் மூக்குத்தி, கண்ணாடி வளையல், பட்டுப்புடவை முந்தானைப் புள்ளிகள், செம்பருத்தி. நம் கல்யாணப் படத்தில் சிவப்பு இல்லாத அங்குலம் எது?

நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குங்குமம் செக்கச்செவேல் என்று அப்படியே இருந்தது. மூக்குத்தி ஜொலித்தது. பெரியம்மாவின் வெற்றிலைச் சிவப்பில் ஒரு துளி குறையவில்லை. துடைத்தது கண்மணிகளை மட்டும்.

காரணம், நல்ல புரோகிராம் சிவப்பைத் தேடிக்கொண்டு கிளம்புவதில்லை, முகத்தைத் தேடிக்கொண்டு கிளம்புகிறது. 2001-ல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் முகத்தைச் சட்டென்று கண்டுபிடிக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். கண்கள் இருக்கும் பட்டை அதற்குக் கீழே உள்ள கன்னத்தைவிட இருண்டிருக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்குத்தண்டு வெளிறியிருக்கும் என்பது போன்ற சின்னச் சின்ன வெளிச்ச வித்தியாசங்களை அடுக்கிப் பார்த்தே அது முகத்தை அடையாளம் காணும். இந்த வகை முறைகளால்தான் சின்னக் கேமராவின் சின்ன மூளைக்கும் முகம் எட்டியது. முகம் கிடைத்துவிட்டால் கண் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்: இரண்டு, ஏறத்தாழ ஒரே மட்டத்தில், முக அகலத்துக்கு ஏற்ற இடைவெளியில். குங்குமம் ஒற்றை, நடுவில் இருக்கிறது, உயரத்தில் இருக்கிறது. அது கண்ணாக முடியாது, விட்டுவிடு! எதைத் தொடக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த இன்னொரு வசதியை நான் கேமராவில் கண்டதில்லை. இன்றைய போன்கள் கேட்காமலே முகத்தை வெளுக்கின்றன, மருவை அழிக்கின்றன, தாடையை இழைக்கின்றன. இந்தப் பழைய கரெக்‌ஷனுக்கு அந்தப் பேராசை கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்ட குழந்தை, பக்கவாட்டில் பார்த்து ஒரே கண் மட்டும் தெரிகிறவர், மூக்குக்கண்ணாடியில் ஃப்ளாஷ் பட்டு வெளிறியவர் ஆகியோரைச் சில நேரம் தவறவிடும். மாட்டிடம் சுத்தமாகத் தோற்றுவிடும். எங்கள் பக்கம் பால் மாடு இல்லாத வீடு குறைவு. பெண்ணழைப்பு அன்று கொட்டகை ஓரம் எடுத்த படத்தில் பின்னால் நிற்கும் பசுவின் கண் நீலப்பச்சையாக மின்னும். மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. நாய், பூனைக்கும் உண்டு, மனிதருக்கு இல்லை. சிவப்பே இல்லாத கண்ணில் சிவப்பை எங்கே தேடும்? பின்னாளில் லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் வளர்ப்புப் பிராணிகளின் கண்ணுக்கென்று தனிக் கருவி வந்தது. எனக்கு அது வேண்டாம். மாட்டுக் கண் மின்னினால் மின்னட்டும், அழகுதானே.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படத்தில் நாம் குறை என்று துடைக்கிற அந்தச் சிவப்பு, கண் மருத்துவருக்கு நல்ல சேதி. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தியபோது செய்ததும் இதுதான்: வெளிச்சம் போகும் பாதையிலேயே தன் பார்வையையும் அனுப்பினார், கண்ணின் அடித்தளம் செந்நிறமாகத் தெரிந்தது. இன்றும் பச்சிளங்குழந்தைகளின் இரண்டு கண்ணிலும் அந்தச் சிவப்பு ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு கண்ணில் சிவப்பும் மற்றதில் வெள்ளையும் வந்தால், அது சில நேரம் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறி, கண்புரையாகவும் இருக்கலாம். கண் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரும்பியிருந்தால் நோயே இல்லாமலும் வெள்ளையடிக்கும். எது என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை, டாக்டர் சொல்லட்டும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்த பிறகு பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பார்த்தார். பிறந்த சில நாட்களிலேயே எடுத்த படங்களில் அந்த வெள்ளை இருந்தது. படங்களில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் ‘க்ரேடில்’ என்ற போன் செயலி அப்படித்தான் பிறந்தது.

ரெட்-ஐ கரெக்‌ஷன் வெள்ளையைத் தொடாது என்பது உண்மை. ஆனால் ஒரு கண் சிவந்து, மற்றது மங்கி இருட்டாக வந்திருந்தால்? அதுவும் பார்க்க வேண்டிய வித்தியாசம்தான். கேமரா சிவந்ததைக் கறுப்பாக்கிவிடும், இரண்டும் ஒன்றாகிவிடும், வித்தியாசம் மறைந்துவிடும். ஆகவே குழந்தைகளின் படத்தில் மட்டும், திருத்துவதற்கு முன் அசலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தாமதிக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

இப்போது போன்கள் ராத்திரியிலும் ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்துவிடுகின்றன. சிவந்த கண்ணைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பார்த்தால், காலேஜ் பிள்ளைகள் அப்பா அம்மாவின் பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்து, அந்த அடாவடி ஃப்ளாஷுக்காகவே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். சந்தோஷம்! உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும். எடுத்து, பேட்டரி போட்டு, மெனுவுக்குள் போங்கள். ரெட்-ஐ லாம்ப் என்றிருந்தால் ஆஃப் செய்யுங்கள், முக்கியமான நொடி தப்பாது. ரெட்-ஐ கரெக்‌ஷனைக் கல்யாணத்துக்கு ஆன் செய்யுங்கள். குழந்தைகளை எடுக்கும்போது ஆஃபிலேயே விட்டு, எடுத்த படத்தைப் பார்த்த பிறகு திருத்துங்கள். பழைய படத்தின் மேலேயே சேமிக்கவா, புது ஃபைலாகவா என்று கேட்கும். புது ஃபைல் என்றே கொடுங்கள், அசல் பத்திரமாக இருக்கும்.